முச்சந்தியில் அப்பாவின் கால்

ஞாயிற்றுக்கிழமை காலை புதுவை முத்தியால்பேட்டையில் பாய் பிரியாணிக் கடைப் பக்கம் போனால் ஆட்டுக் கொழுப்பு உருகும் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு ஈரத் தோல் ஞாபகம் வரும், சேறு ஏறிய தையல், கூடத்து மூலையில் பழைய பேப்பர்மேல் வைத்த ஒரு ஜோடி பூட்ஸ். எங்கள் வீட்டில் கறி எடுத்தால் கொழுப்பு முதலில் பூட்ஸுக்கு, மிச்சம்தான் குழம்புக்கு. அப்பா அதை இரும்புக் கரண்டியில் உருக்கி, கிழிந்த பனியன் துணியில் தொட்டு, விரல் பக்கம் தொடங்கிக் குதிகால் வரைக்கும் நிதானமாகத் தேய்ப்பார். அந்த பூட்ஸைப் போட்டு அவர் ஆடியதை நான் பார்த்ததே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனாலும் தேய்த்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்: "செத்த மாட்டுக்கு எண்ண தேச்சி வுடுறாரு பாரு ஒங்கப்பா. எந்திரிச்சி நடக்கப் போவுது."

அப்பா காசுக்கு ஆடியவர். இதைச் சொல்லும்போது எங்கள் உறவுக்காரர்களுக்குக் குரல் இறங்கிவிடும், ஏதோ கூடாத தொழிலைச் சொல்வதுபோல. ஆசைக்கு ஆடலாம், பள்ளிக்கூடத்துக்கு ஆடலாம். காசு வாங்கிக்கொண்டு ஆடினால் அது கூத்தாடி வேலை. பெண் கொடுக்கவே யோசித்தார்கள். பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில், மீசை முளைத்தும் முளைக்காமலும், மில் டீமில் சேர்ந்தார். தறியில் பெயர் இருக்கும், தறிப்பக்கம் போகவேண்டியதில்லை. காலையில் ஓட்டம், சாயங்காலம் ஆட்டம், நடுவில் மில் சாப்பாடு. கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் பிரெஞ்சுக் கப்பல்களிலிருந்து மாலுமிகள் படகில் இறங்கி வந்து மில் டீமோடு மோதுவார்கள். கன்னம் சிவந்த, கன்றுக்குட்டி கனமுள்ள ஆட்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் வெறுங்கால்.

அப்படி ஓர் ஆட்டத்தில்தான் அந்த கோல். ஆட்டம் முடியப்போகிற நேரம். கார்னரிலிருந்து வந்த பந்தைத் தரையில் விழவிடாமல், உடம்பைப் பக்கவாட்டில் காற்றில் சாய்த்து, இடுப்புயரத்தில் வலது காலால் அப்பா அடித்தார். கோலி கையைத் தூக்கக்கூட இல்லையாம். கோல் கம்பத்தின் பக்கத்தில் ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றிருந்தார். அவர் எடுத்த படம் எங்கள் கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் மாட்டியிருந்தது. தலையைத் திருப்பிய வேகத்தில் முகம் மட்டும் கலங்கியிருக்கும். கால் கலங்கவில்லை. தொடை, முட்டி, காலுறைக்கு மேல் புடைத்த நரம்பு, நீட்டிய பூட்ஸ், எல்லாம் உளியால் கீறியதுபோலத் துல்லியம்.

அந்த ஆட்டத்தைப் பார்த்த மதராஸ்காரர் ஒருவர் வழியாகக் கல்கத்தா கிளப் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. அப்பா மெயில் ரயிலில் ஏறிப் போனார். அங்கே ஒரே அறையில் தெற்கத்திப் பையன்கள் அடைந்து கிடப்பார்கள். கடுகெண்ணெய் மீன். ஜெயித்தால் ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு டிராம் தண்டவாளம் வரைக்கும் போவார்கள், தோற்றால் அதே ஜனங்கள் அறைக் கதவில் செருப்பு வீசுவார்கள். மழைக்காலத்தில்தான் அந்த ஊரில் ஆட்டம். மழை பெய்த ஒருநாள், சேற்றில் சறுக்கி வந்த ஒருவன் அப்பாவின் வலது காலில் விழுந்தான். முட்டி உள்பக்கமாக மடிந்தது. ஊசி போட்டு அடுத்த ஆட்டத்தில் இறக்கினார்கள். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் ஊசி. ஊசி பலிக்காமல் போன நாளில் கிளப் செயலாளர் முதல்முறையாக அப்பாவை உட்காரச் சொல்லிப் பேசினாராம். மறுநாள் அப்பாவின் கட்டிலில் வேறொருவன் பெட்டி இருந்தது.

ஊருக்கு வந்தார். மில்லில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை தறி நிஜமாகவே இருந்தது. ஒடிந்த முட்டியோடு ஷிப்டு முழுக்க நின்றபடி வேலை, ஓய்வு பெறும்வரை. அந்த மனிதரைத்தான் எனக்குத் தெரியும். பஞ்சுத் தூசியோடு வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் இறங்குகிற மனிதர்.

சித்தப்பா அப்பாவுக்கு இளையவர், ஒரே தம்பி. ஆட்டத்தில் அவருக்கு இருந்த வேலை, அப்பாவின் சட்டையையும் நறுக்கிய எலுமிச்சம்பழத்தையும் மடியில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது. ஆள் குறைந்த ஓரிரு நாள் உள்ளே இறக்கியிருக்கிறார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாராம். அவர் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, பெயர் கொடுத்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். இந்தோசீனா போனார், அல்ஜீரியா போனார், உயிரோடு திரும்பினார். பட்டாளத்துப் பென்ஷன் அவருக்கு ஆயுசுக்கும் வந்தது. பாரிஸுக்கு வெளியே மகன்களின் வீடு, கருவடிக்குப்பத்தில் மாடிவீடு, வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. ஊரில் எல்லாருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா.

எங்களுக்கும் அவரைப் பிடிக்கும். கசப்பாக எழுதும்போது இதையும் எழுதவேண்டியிருக்கிறது. வரும்போதெல்லாம் யாரும் வாயில் வைக்கமுடியாத ஒரு சீஸ் கொண்டுவருவார். அப்பாவின் முட்டிக்கு மாட்ட எலாஸ்டிக் உறை வாங்கிவருவார், ஒவ்வொரு முறையும் அளவு தப்பாக. "பாரிஸ்ல எல்லாருக்கும் தொடை பெருசுண்ணே, நான் என்னா பண்றது" என்று சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார்.

ஃப்ளெக்ஸ் பேனர் வந்து ஊர் வானத்தைத் தின்னத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. காதுகுத்துக்குப் பேனர், கட்சிக்காரர் பிறந்தநாளுக்குப் பேனர், செத்தவருக்குக் கண்ணீர்ப் பேனர். ஓர் ஆகஸ்டு மாதம் எங்கள் பக்கத்துப் பையன்கள் கால்பந்துப் போட்டி நடத்தினார்கள். கோப்பை சித்தப்பா உபயம். பரிசளிப்பும் அவரே, பாராட்டும் அவருக்கே. அது நியாயம்தான். போட்டிக்குச் சில நாள் முன்னால் இரண்டு பேர் அப்பா வீட்டுக்கு வந்தார்கள். நான் அப்போது ஊரின் இன்னொரு பக்கம், சாரம் பகுதியில் குடியிருந்தேன், அன்று தற்செயலாக அங்கே இருந்தேன்.

"தாத்தா, ஒங்க வீட்ல பழைய ஃபுட்பால் போட்டோ ஒண்ணு இருக்குன்னு முசியே சொன்னாரு. ஸ்கேன் பண்ணிட்டு சாயங்காலமே குடுத்துடுறோம்."

"எதுக்குப்பா?"

"பேனருக்கு தாத்தா. பெருசா வெக்கிறோம், முச்சந்தியில."

அப்பா எழுந்து நின்றார். வேகமாக எழுந்தார், அந்த முட்டியோடு. தானே படத்தைக் கழற்றி, வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"மொகம் தெளிவா இருக்காதேடா அதுல" என்றாள் அம்மா.

"அதெல்லாம் சரி பண்ணிடுவாங்க ஆயா."

அப்புறம் வந்த நாட்களில் அப்பா முடி வெட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தார். தினமும் காலையில் முச்சந்தி வரைக்கும் கோலூன்றிப் போய், சவுக்குக் கம்பு நட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார். அம்மா விடவில்லை: "மாப்பிள்ள அழைப்பு எப்போன்னு கேட்டு வந்தீங்களா?" அவர் கோபப்படவில்லை. ஐம்பது வருஷமாக யாரும் கேட்காத ஒன்றை இரண்டு பையன்கள் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறார்கள். அந்தச் சில நாள் அவர் எங்களோடு இல்லை. எங்கோ ஈரப் புல்லில் இருந்தார்.

பேனர் கட்டிய அன்று எனக்கு போன் செய்தார். "பாப்பா, கொஞ்சம் வந்துட்டுப் போ." குரலில் ஒன்றும் இல்லை.

ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மாடி உயரம். அப்பாவின் ஜெர்சி, இப்போது மஞ்சள் நிறத்தில். அப்பாவின் இடுப்பு, அப்பாவின் கை. காற்றில் நீண்ட அப்பாவின் வலது கால், நரம்போடு. கழுத்துக்கு மேல் சித்தப்பா. தங்க ஃப்ரேம் கண்ணாடி, சாயம் பூசிய முடி, ஏதோ கல்யாணத்தில் எடுத்த சிரிப்பு. காலரோடு கொஞ்சம் டையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. புதுவையின் கால்பந்துப் புயல் என்று கீழே எழுத்து. ஓரங்களில் கூலிங்கிளாஸ் போட்ட பையன்கள் வட்ட வட்டமாக, செல்போனைக் காதில் வைத்தபடி.

அப்பா தெரு நடுவில் நின்றிருந்தார். ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. "பெருசு, ஓரமா நின்னு ரசி" என்றான் ஓட்டுகிறவன்.

நான் அவர் கையைப் பிடித்து ஓரம் கொண்டுவந்தேன். அவர் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டியப் பாரு பாப்பா. எவ்ளோ நல்லா இருந்துருக்கு."

அப்புறம் அவரே சொன்னார்.

"தம்பிக்குத் தெரியாம பண்ணிருப்பானுங்க. மைக்கு குடுப்பானுங்கல்ல, அப்ப அவனே சொல்லிடுவான், இது எங்கண்ணன் காலுன்னு. எலுமிச்சம்பழம் வெச்சிக்கிட்டு அவன்தான ஒக்காந்துருந்தான்? அவனுக்குத் தெரியாதா?"

அவருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. சால்வை வேண்டாம், கோப்பை வேண்டாம். ஊர் கூடியிருக்கும்போது தம்பி வாயிலிருந்து ஒரு வாக்கியம்.

அவர் பொறுத்துக்கொண்டார். என்னால் முடியவில்லை. பேனர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு பிரிண்டிங் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் முப்பது வயசுக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஃபுட்பால் பேனர் யாரு பண்ணது?"

"நான்தான் மேடம். நல்லா வந்துருக்கா?"

"அது எங்கப்பா."

"எது மேடம்?"

"கழுத்துக்குக் கீழ."

அவர் திரையில் படத்தைத் திறந்து, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அதான பாத்தேன்! சேம் ஃபேமிலியா? எப்படிடா தல இவ்ளோ ஈஸியா ஒக்காருதுன்னு எனக்கே ஆச்சரியம். தோள் எல்லாம் அப்படியே செட்டாயிடுச்சு. ஒரிஜினல்ல மூஞ்சி ஷேக் ஆயிருந்துச்சு மேடம், யாருன்னே தெரியல. முசியே சின்ன வயசு போட்டோன்னு நெனச்சுத்தான் இப்போத்திய மூஞ்சிய வெச்சேன்."

"அவருன்னு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. பேனர் அவருக்குத்தான?"

"மாத்த முடியுமா?"

"பார்ட்டி வந்து சொல்லணும் மேடம்."

"எங்கப்பா தல இருக்கா, நீங்க எடுத்தது?"

"அது டெலீட் பண்ணிட்டேனே" என்றார், உண்மையான வருத்தத்தோடு. பிறகு டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. தெரியாதவர் செய்தது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் எப்படியும் அந்த முச்சந்தி வழியாக நாலு தடவையாவது காரில் போயிருப்பார்.

இறுதிப் போட்டி அன்று சாயங்காலம் அப்பா தேய்த்த சட்டையில் மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். மேடையில் சித்தப்பா, கோட்டில் பட்டாளத்துப் பதக்கங்கள். மைக்கில் அறிவிக்கிறவர் ஆரம்பித்தார்: "கப்பல்ல வந்த வெள்ளக்காரன் கண்ணுல வெரல விட்டு ஆட்டுன அந்த ஒத்த கோல்! அடிச்ச காலு இந்தக் காலு! அந்தக் காலு இன்னிக்கி நம்ம மேடையில!" கைத்தட்டல். விசில். தகரத்தில் யாரோ குச்சியால் அடித்தார்கள். சித்தப்பா தலையை ஆட்டி மறுப்பதுபோல் ஏதோ செய்தார். அது அடக்கம் மாதிரி இருந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். மைக் அவர் கைக்கு வந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒங்க அன்புக்கு மெர்சி" என்றார் சித்தப்பா. "அந்தக் காலத்துல நாங்க ஆடுனோம்..."

நாங்க என்றதும் அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

சித்தப்பா பேசிக்கொண்டே போனார். ஒழுக்கம், உடற்பயிற்சி, சிகரெட் கூடாது, பிரான்ஸில் பையன்களுக்குப் புல்தரை எப்படி இருக்கிறது. நடுவில் அவர் கண் எங்கள்மேல் பட்டது. நின்றார். அந்த இடைவெளியில் மைக் கீச்சிட்டது.

"எங்கண்ணன் வந்துருக்காரு. எனக்கு ரொம்ப ஊக்கம் குடுத்தவரு. வாண்ணே. மேல வா."

மேடைப் படி மூன்று பலகை, கைப்பிடி கிடையாது. அப்பா ஒவ்வொன்றிலும் இடது காலை வைத்து வலது காலை இழுத்துக்கொண்டு ஏறினார். சித்தப்பா தன் தோளிலிருந்த சால்வையைக் கழற்றி அப்பாவுக்குப் போர்த்தினார். ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒரு அம்மா, "என்னா மனசு பாரேன், தனக்குப் போட்டத எடுத்து அண்ணனுக்குப் போடுறாரு" என்று மூக்கை உறிஞ்சினாள்.

அப்பா மைக்குக்காகக் கையை நீட்டினார். நான் பார்த்தேன், அவர் நீட்டினார். அறிவிக்கிறவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும்!" என்று கத்தினார். ஆட்டம் தொடங்க விசில் ஒலித்தது. பையன்கள் மைதானத்துக்கு ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சால்வையை விரித்துப் பார்த்தாள். "சரிகை நல்லாத்தான் இருக்கு. ஜன்னலுக்கு ஆவும்." யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அப்பா முச்சந்தி வழியாகப் போவதை விட்டுவிட்டார். மாத்திரை வாங்கக்கூடச் சந்துக்குள் சுற்றிக்கொண்டு போனார். பேனரை யாரும் இறக்கவில்லை. அது காற்றில் தானே கிழிந்தது, முகம் முதலில்.

போட்டி முடிந்து சில வாரத்தில் சித்தப்பா பாரிஸுக்குக் கிளம்பினார். அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டது அதுதான் கடைசி. அடுத்த மழைக்காலத்தில் அப்பா இறந்தபோது சித்தப்பாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றார்கள்.

சித்தப்பா விடைபெற வந்த காலையில் டாக்சி தெருவிலேயே நின்றது, டிக்கியில் பெட்டிகள். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவும் நானும் நிலைப்படியில். சித்தப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டார், என் தலையைத் தொட்டார், அப்பா முன்னால் வந்து நின்றார்.

"வரட்டுமாண்ணே?"

"அன்னிக்கி மைக்குல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா?" என்றார் அப்பா. சாதாரணமாகத்தான் கேட்டார், உப்பு போட்டாயா என்பதுபோல.

சித்தப்பா டாக்சியைப் பார்த்தார்.

"சொல்லணும்னுதாண்ணே எந்திரிச்சேன்."

"பின்ன?"

"கை தட்டிட்டாங்க."

அப்பா காத்திருந்தார்.

"ஊர்ல என் பேரு யாருக்குண்ணே தெரியும்? ஆட்டக்காரன் தம்பி. சைகோன்ல எறங்குனா அங்க நம்மூரு சொல்தா ஒருத்தன், ஆட்டக்காரன் தம்பி வர்றான்டான்னு கத்துறான். குண்டு விழுற எடத்துலயும் நான் ஒந் தம்பிதான். இந்த வயசுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீயா இருந்து பாத்தேண்ணே."

டாக்சிக்காரர் எஞ்சினைக் கிளப்பினார்.

"இருந்துக்கடா. யாரு வேணான்னா?" என்றார் அப்பா. "ஊரு பூரா இப்ப நீதான் நான். அப்ப நான் யாருடா? அத மட்டும் சொல்லிட்டு ஏறு."

சித்தப்பா குனிந்து, அப்பாவின் தோளில் சரிந்திருந்த துண்டை எடுத்து நேராகப் போட்டார். பிறகு கார்க் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்:

"வெயிலு ஏறுது. நீ உள்ள போய் ஒக்காருண்ணே."